பீரோவை ஓரடி நகர்த்தினேன்

இரும்பு பீரோவைத் தனி ஆளாக நகர்த்த வேண்டுமென்றால் முதலில் அதைக் காலி செய்ய வேண்டும். இந்த ஒரு வேலைக்குச் சோம்பல்பட்டுத்தான் பாதிப்பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துத் தரையில் அடுக்கிவிட்டு, கால்களுக்கு அடியில் பழைய துணியை மடித்துச் செருகி, ஒரு பக்கமாக நின்று தோளால் தள்ளினால் சொன்னபடி கேட்கும். நான் அப்படித்தான் செய்தேன். ஓரடி. அளவெடுத்துப் பார்த்தால் ஒன்றிரண்டு அங்குலம் கூட இருக்கலாம்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், மேடம். என் கணக்கில் ஆரம்பம் இதுதான். உங்கள் கோப்பில் எல்லாமே அந்தச் செவ்வாய்க்கிழமையில் தொடங்குகிறது. அது கடைசிப் பக்கம். தேடுகிறவர் தப்பான இடத்தில் தேடத் தொடங்கினால் ராத்தூக்கம் கெடுமே தவிர எதுவும் கிடைக்காது. பதினெட்டு வருடமாக இந்த வேலைதான் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனி கட்டிடங்களுக்குத் தீ அலாரப் பெட்டி செய்கிறது. தரைத்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே, துடைப்பத்துக்கும் உடைந்த நாற்காலிக்கும் நடுவில் ஒரு சிவப்புப் பெட்டி மாட்டியிருக்கும். தினமும் கடந்து போயிருப்பீர்கள், பார்த்ததாக நினைவிருக்காது. ஒவ்வொரு மாடியின் கூரையிலும் ஒரு வெள்ளை வட்டு. அது புகையை மோப்பம் பிடித்தால் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி உடனே மணியடிக்காது. பத்து விநாடி பொறுத்து, அப்போதும் புகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடிக்கும்.

அந்தப் பத்து விநாடி என்னுடைய யோசனை. ஒன்பது வருடத்துக்கு முன்னால், யாராவது அடுப்பில் எண்ணெயைக் காயவிட்டு ஃபோன் பேசப் போனால்கூட ஆறு மாடியும் அலறியடித்துக்கொண்டு தெருவுக்கு வந்துகொண்டிருந்தது. ஒருவர் பாதிக் குளியலில் சோப்பு நுரையோடு வந்து நின்று, வழக்குப் போடுவேன் என்று எங்களைத் தேடி வந்தார். பெட்டியின் புரோகிராமில் நான் நாலு வரி எழுதினேன். அலறல் நின்றது. அதற்காக மேடையேற்றி எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அது இரண்டு மாதம் ஓடியது.

அதன் பிறகு நான் வைத்தியனாகிவிட்டேன். எந்த மெஷினில் எந்தக் கோளாறு வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். மேலாளரில் இருந்து வாசலில் இருக்கும் செக்யூரிட்டி வரை எல்லோரும் என்னை "டாக்டர்" என்றே கூப்பிட்டார்கள். மேலாளருக்கும் நாங்கள் ஒரு பெயர் வைத்திருந்தோம்: ஆகட்டும். எதைக் கொண்டுபோனாலும் அவர் சொல்லும் ஒரே வார்த்தை அதுதான். ஒருமுறை கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று சொன்னதற்கும் "ஆகட்டும்" என்றார்.

சோதனை அறையில் பதினோரு மெஷின்கள். கட்டிடங்களில் இருக்கும் அதே பெட்டிகள்தான், மூடி மட்டும் இல்லாமல் சுவரோரம் வரிசையாக இருக்கும். தினமும் காலையில் ஒவ்வொன்றுக்கும் பொய்யாகப் புகை வந்ததாகச் செய்தி அனுப்பி, பத்து விநாடியில் மணியடிக்கிறதா என்று பார்ப்போம். அடித்தால் திரையில் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. முன்பெல்லாம் சோதனைக்கு முன்னால் எல்லாப் பெட்டிகளையும் அணைத்துப் போடுவது வழக்கம். அதை மாற்றியவள் பென்சில்.

பென்சில் என்பது கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருந்ததால் வந்த பெயர். முப்பத்திரண்டு வயது, ஒரு பெண்குழந்தைக்குத் தாய், எங்கள் சோதனைப் பிரிவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வந்தவள், "கட்டிடத்துல யாரு சார் தினம் பெட்டியை அணைச்சுப் போடுறாங்க? அங்க எப்படி ஓடுதோ அப்படியேதானே நாமளும் ஓட விட்டுப் பார்க்கணும்?" என்று கேட்டாள். கேள்வியில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் அது வேறு விஷயம். ஆகட்டும், "ஆகட்டும்" என்றார்.

மூன்றரை வாரம் எல்லாம் பச்சை. அப்புறம் ஒரு திங்கட்கிழமை மூன்று மெஷின்கள் சிவப்பு. நாலு, ஏழு, பதினொன்று. மறுநாளும் அதே மூன்று. மற்ற எட்டும் குறித்த நேரத்தில் மணியடித்தன. இந்த மூன்றும் புகைச் செய்தியை வாங்கிக்கொண்டு, அரசாங்க அலுவலகத்தில் மனுவை வாங்கியது போல, பேசாமல் இருந்தன. கோபித்துக்கொள்ளாதீர்கள் மேடம், பொதுவாகச் சொன்னேன்.

பென்சில் விடவில்லை. மூன்றுக்கும் புகைச் செய்தி கொண்டுவரும் வயர்களை மாற்றினாள். உள்ளிருக்கும் புரோகிராமை அழித்து மற்ற எட்டில் இருந்ததையே ஏற்றலாமா என்று பார்த்தாள். ஒப்பிட்டபோது ஓர் எழுத்துகூட வித்தியாசமில்லை. மெஷினை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துச் சூட்டை எழுதினாள். எந்த மாதம் செய்தது, யார் பூட்டியது, ஜன்னலிலிருந்து எத்தனை அடி தூரம், எல்லாவற்றையும் ஒரு நீலநிற நோட்டில் கட்டம் போட்டு எழுதிவைத்தாள். எத்தனை நாளாக ஓடுகிறது என்பதை மட்டும் எழுதவில்லை. அணைக்க வேண்டாம் என்று சொன்ன மெஷினை யாரும் அணைக்கமாட்டார்கள் என்று நம்பினாள். மனிதர்களைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம்.

மூன்றாவது வாரம் என்னிடம் வந்தது. "டாக்டர், கொஞ்சம் நாடி பிடிச்சுப் பாருங்க" என்றார் ஆகட்டும்.

எனக்குத் தேவைப்பட்டது ஒரு மதியம். கெட்டிக்காரத்தனம் என்று சொல்லமாட்டேன். அன்று புதன்கிழமை, அறையைச் சுத்தம் செய்யும் அக்கா வேக்யூம் கிளீனரோடு வந்தார். அந்தக் கிளீனரின் வயர் குட்டை. சுவரோரமாகப் போகப் போக, கைக்கு எட்டிய பிளக்கைப் பிடுங்கித் தன்னுடையதைச் செருகி, பெருக்கி முடித்ததும் பிடுங்கியதைத் திரும்பச் செருகிக்கொண்டே போனார். இதெல்லாம் ஒரு முனகல்கூட இல்லாமல் நடந்தது. எங்கள் பெட்டிகள் அணைந்து இரண்டு நிமிடத்தில் தானாக எழுந்துகொள்ளும், யாருக்கும் தெரியாது. சோதனை அறைப் பெட்டிகளில் பேட்டரியும் கிடையாது.

"அக்கா, எந்தெந்த பிளக்கைப் பிடுங்குவீங்க?" என்று கேட்டேன்.

"நான் எதையும் தொடலை சார்."

"தொட்டீங்களான்னு கேட்கலை. தொடுறது எதுன்னு கேட்டேன்."

வயரைக் கையில் சுற்றிக்கொண்டார். "வாராவாரம் நாலஞ்சு. எது கைக்கு வருதோ அது. அந்த பீரோவுக்குப் பின்னாடி இருக்கிறது மட்டும் எட்டாது. அங்க குனிஞ்சா நான் எழுந்திருக்க மாட்டேன்."

பீரோவுக்குப் பின்னால் மூன்று பிளக்குகள் இருந்தன. வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். நாலு, ஏழு, பதினொன்று.

மற்ற எட்டும் அக்காவின் தயவில் மூன்று வாரத்துக்கு ஒருமுறையாவது அணைந்து எழுந்தன. இந்த மூன்று மட்டும் நாற்பது நாளுக்கு மேல் இடைவிடாமல் ஓடியிருந்தன. எங்கள் பெட்டி, போட்ட நொடியிலிருந்து ஒவ்வொரு விநாடியையும் ஆயிரமாகப் பிரித்து நேரத்தை எண்ணிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணை வைத்திருக்கும் இடம் இவ்வளவுதான் கொள்ளும் என்று ஓர் அளவு உண்டு. டீக் கப்பின் முதுகில் கணக்குப் போட்டேன். இருபத்துநாலு நாள், இருபது மணி நேரம், சொச்சம். அதைத் தாண்டினால் எண் நிரம்பி, குப்புற விழுந்து, மைனஸில் போய்விடும். மைனஸில் இருக்கும்வரை பெட்டிக்குப் பத்து விநாடி ஆனதே தெரியாது. காத்துக்கொண்டே இருக்கும். இன்னொரு இருபத்தைந்து நாள் கழித்துத் தானே சரியாகும். பிறகு மறுபடியும் இருபத்தைந்து நாள் தூக்கம்.

அந்த நாலு வரியை யார் எழுதியது என்று நான் தேட வேண்டியிருக்கவில்லை.

அப்போது எங்கள் பெட்டி முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டிடங்களில் இருந்தது. கட்டிடத்துப் பெட்டிகளில் பேட்டரி உண்டு. மின்சாரம் போனாலும் அணையாது என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தோம், அது உண்மையும்கூட. வருடத்துக்கு ஒருமுறை சோதிக்க வருபவர் முதலில் பெட்டியை அணைத்துத் தூசி தட்டி, மறுபடி போட்டுவிட்டுத்தான் புகை காட்டுவார். அடிக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஆறு வருடத்துக்கு மேல் அப்படித்தான் போனது.

நீங்கள் கேட்கப்போவது தெரியும். அன்றைக்கே மேலே போய்ச் சொல்லியிருக்கலாமே என்று. போனேன். ஆகட்டும் அறை வரை போனேன். அவர் என்னை உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, அடுத்த மாதம் என்னைத் தலைமைப் பொறியாளராக அறிவிக்கப்போவதாகச் சொன்னார். ஜன்னலோர அறை, கண்ணாடித் தடுப்பு. "பெட்டியோட தகப்பனே நீங்கதானே டாக்டர்" என்றார். அந்த நேரத்தில் போய், பிள்ளைக்குப் பிறவிக் கோளாறு என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்? மனிதர் சந்தோஷமாக இருந்தார். ஒருவருடைய சந்தோஷத்தைக் கெடுப்பது என் சுபாவத்தில் இல்லை.

அதனால் மறுநாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போனபோது, பீரோவைக் காலி செய்து ஓரடி நகர்த்தினேன். அடுத்த புதன்கிழமை அக்காவுக்கு மூன்று பிளக்கும் எட்டின. வியாழக்கிழமை காலை பதினொன்றும் பச்சை.

பன்னிரண்டு பக்கத்தில் அறிக்கை எழுதினேன். இரும்பு பீரோவின் அருகாமையால் மின்காந்தக் குறுக்கீடு. இரண்டு வரைபடம் போட்டேன், ஒன்று கலரில். கூட்டத்தில் கைதட்டினார்கள். ஒருவர், தன் வீட்டு டிவி சரியாகத் தெரியாததற்கும் பீரோதான் காரணமா என்று கேட்டார். இருக்கலாம் என்றேன்.

பென்சில் கைதட்டவில்லை. கூட்டம் முடிந்ததும் நோட்டை மார்போடு அணைத்தபடி வந்து நின்றாள்.

"சார், பச்சை வந்துருச்சு. சந்தோஷம். ஆனா ஏன் வந்துச்சு?"

"அறிக்கையைப் படிக்கலையாம்மா?"

"ரெண்டு தடவை படிச்சேன். பீரோ அங்க ரெண்டு வருஷமா இருக்கு. சிவப்பு வந்து மூணு வாரம்தான் ஆகுது. அதான் இடிக்குது."

"சில விஷயம் அப்படித்தாம்மா. வந்த மாதிரியே போயிடும்."

"வந்த மாதிரி போனா, போன மாதிரி வராதா சார்?"

சிரித்து வைத்தேன்.

அவள் செய்தது உண்மையிலேயே சரியான காரியம். ஆறாம் நம்பர் மெஷினை எடுத்துத் தன் மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். "எதையும் மாத்தாம, யாரும் தொடாம, அப்படியே விட்டுப் பார்க்கப் போறேன் சார்" என்றாள். நான் பாராட்டினேன். இருபத்துமூன்றாம் நாள் அவள் சாப்பிடப் போனபோது பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன். திரும்பி வந்து பார்த்தவள், யாரோ அணைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டாள். அந்த முறை ஓடிய நாளையும் எழுதத் தொடங்கியிருந்தாள்.

"சுத்தம் பண்ற அக்காவா இருக்குமோ சார்?"

"சேச்சே. அக்கா அப்படிப்பட்டவர் இல்லை" என்றேன்.

அக்காவை நான் எந்த இடத்திலும் விட்டுக்கொடுத்ததில்லை, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய சம்பளத்தை உயர்த்தச் சொல்லி நானே சிபாரிசு செய்தேன். என் தீர்வே அவர் கையில்தான் இருந்தது.

பென்சில் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். இருபத்திரண்டாம் நாள் மறுபடி பிடுங்கினேன். மூன்றாம் தடவை அவள் சாப்பாட்டு டப்பாவை மேசைக்கே கொண்டுவந்தாள். கழிப்பறைக்குப் போகும்போது பக்கத்து மேசைக்காரரிடம், "இதைக் கொஞ்சம் பார்த்துக்கங்க, குழந்தை மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போனாள். பதினேழு நாள் ஆகிவிட்டது. இன்னும் எட்டு நாள் விட்டிருந்தால் நான் எழுதிய நாலு வரியில் வந்து நின்றிருப்பாள்.

நான் ஆகட்டுமிடம் போனேன். பொய் எதுவும் சொல்லவில்லை. தீர்ந்துபோன பிரச்சினையில் ஒரு திறமையான பெண் மூன்று மாதமாக உட்கார்ந்திருக்கிறாள், மேசைக்கு அடியில் ஒரு மெஷினை வைத்துக் காவல் காக்கிறாள், அதைக் குழந்தை என்கிறாள் என்று சொன்னேன். "வீட்டுல ஏதாவது பிரச்சினையா இருக்குமோ" என்று மட்டும் கேட்டேன். கேள்விதானே. ஆகட்டும் நெற்றியைத் தடவிக்கொண்டார். பிறகு அவர் சொன்னது உங்களுக்கே தெரியும்.

மறுவாரம் அவளைக் கையேடு எழுதும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஆறாம் நம்பர் பழைய இடத்துக்கே, அக்காவின் பராமரிப்புக்குத் திரும்பியது. ஒரு மாதத்தில் வேலையை விட்டுவிட்டாள். போகிற அன்று என் கண்ணாடி அறைக்கு வந்தாள்.

"உங்க மேல கோபம் எதுவும் இல்லை சார். நீங்க சொன்னதால மாத்தினாங்கன்னு சொல்றாங்க, நான் நம்பலை."

"நம்பாதேம்மா."

"ஒண்ணே ஒண்ணு. எனக்காக அந்த ஆறாம் நம்பரை ஒரு அறுபது நாள் அணைக்காம விட்டுப் பார்ப்பீங்களா?"

பார்க்கிறேன் என்றேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். எனக்கு மனது கஷ்டமாக இருந்தது. அன்று மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டிடத்தையும் நான் அம்போ என்று விட்டுவிடவில்லை. ஒரு பட்டியல் போட்டேன். எந்தப் பெட்டி எப்போது கடைசியாக அணைந்து எழுந்தது என்பது எங்கள் அலுவலகத் திரையில் தெரியும். அதை வைத்து, எது விழித்திருக்கிறது, எது தூங்குகிறது, எது எந்தத் தேதியில் எழும் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதினேன். தினமும் காலையில் டீ குடித்துக்கொண்டே பார்ப்பேன். சராசரியாகப் பாதி தூங்கும், பாதி விழித்திருக்கும். அதாவது எந்தக் கட்டிடத்தை எடுத்துக்கொண்டாலும் வருடத்தில் பாதி நாள் முழுப் பாதுகாப்பு. பெட்டியே இல்லாத கட்டிடங்கள் ஊரில் எத்தனை இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

நான் குடியிருக்கும் கட்டிடத்திலும் எங்கள் பெட்டிதான். மாதம் இரண்டு தடவை கீழே போய், பிளக்கையும் பேட்டரியையும் கழற்றி மாட்டிவிட்டு வருவேன்.

"என்னங்க, மாசம் ரெண்டு தடவை அந்தப் பெட்டியோட என்ன ரகசியம்?" என்று மனைவி கேட்டாள்.

"தூசி தட்டிட்டு வரேன்."

"வீட்டு ஃபேன்ல ஒட்டடை தொங்குது, அது கண்ணுக்குத் தெரியலை. ஊரான் பெட்டிக்குத் தூசி தட்டப் போயிட்டாரு."

அவளுடைய அக்கா வீட்டுக் கட்டிடத்திலும் அதே பெட்டி. அதனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவர்களைப் பார்க்கப் போனோம். பன்னிரண்டு வருடமாக முகம்கொடுத்துப் பேசாத என் சகலை உருகிப்போனார். "மனுஷன் எப்படி மாறிட்டார் பாரேன், உறவுன்னா இப்படி இருக்கணும்" என்று எல்லோரிடமும் சொன்னாராம். மாடிப்படிக்குக் கீழே நான் செருப்பைத் தேடுவதாக நினைத்துக்கொண்டு டார்ச்சடித்து உதவியிருக்கிறார்.

ஏன் அந்த இரண்டு கட்டிடம் மட்டும் என்று கேட்டீர்கள். மற்றவர்களை எனக்குத் தெரியாது, மேடம்.

என் மேசையிலிருந்தே எந்தப் பெட்டியையும் அணைத்துப் போட முடியும் என்பது உண்மைதான். உங்கள் ஆட்கள் அதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. திரையில் கட்டிடத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். ஆனால் அப்படிச் செய்தால் யார் செய்தது, என்ன காரணம் என்று பதிவாகும். நூற்றைம்பது பெட்டியைத் தலைமைப் பொறியாளர் ஏன் அணைத்துப் போட்டார் என்று யாராவது கேட்டால்? கேள்வி கேட்கிற ஆளை அனுப்பியாகிவிட்டதுதான். இருந்தாலும் எங்கிருந்தோ இன்னொரு ஆள் முளைத்துவிடலாம். என்றைக்காவது தோதான காரணம் தோன்றும், அப்போது செய்துகொள்ளலாம் என்று வைத்திருந்தேன். இரண்டரை வருடம் தோன்றவில்லை.

நடுவில் இரண்டு புகார் வந்தது. ஒரு மருந்துக் கடையில் குப்பைக்கூடை எரிந்தது, மணியடிக்கவில்லை, பக்கத்துக் கடைக்காரர் வாளியோடு ஓடிவந்து அணைத்தார். இன்னோர் இடத்தில் ஒரு சோபா. இரண்டுக்கும் நானே பதில் எழுதினேன்: புகை போதுமான அளவுக்கு இல்லை.

இப்போது செவ்வாய்க்கிழமை.

கட்டிடத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். தரைத்தளத்தில் செருப்புக் கடை, முதல் மாடியில் பல் டாக்டர், மூன்றாவதில் மெத்தைக் கிடங்கு, ஐந்தாவதில் பெண்களுக்கான தையல் பயிற்சி வகுப்பு. எங்கள் பெட்டி அங்கே அணையாமல் ஓடி அன்றோடு நாற்பத்தோரு நாள். காலையிலேயே பட்டியலில் பார்த்தேன். தூக்கம். எழ இன்னும் ஒன்பது நாள்.

பதினொன்று நாற்பதுக்கு என் திரையில் ஒரு மஞ்சள் வரி வந்தது. மூன்றாவது மாடி, புகை, உறுதி செய்யப்படுகிறது. வழக்கமாக இந்த வரி பத்து விநாடியில் சிவப்பாகும், அல்லது மறைந்துவிடும். இது மஞ்சளாகவே நின்றது. யாராவது ஊதுபத்தி கொளுத்தியிருப்பார்கள் என்று நினைத்தேன். மெத்தைக் கிடங்கில் யார் கொளுத்துவார்கள் என்றும் நினைத்தேன். பதினொன்று நாற்பத்துமூன்றுக்கு நாலாவது மாடி. நாற்பத்தைந்துக்கு ஐந்தாவது மாடி. மூன்று மஞ்சள் வரி, ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒழுங்காக.

கட்டிடக் காவலாளியின் ஃபோன் நம்பர் அந்த வரியிலேயே இருந்தது. கூப்பிட்டு என்ன சொல்வது? மணி அடிக்காத இடத்தில் புகை இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று பிறகு கேட்கமாட்டார்களா? பொத்தானை அழுத்தியிருந்தால் பெட்டி இரண்டு நிமிடத்தில் எழுந்து, பத்து விநாடி பொறுத்து, பதினொன்று நாற்பத்தெட்டுக்குள் மணியடித்திருக்கும். மாடிப்படியில் புகை அடைத்தது பதினொன்று ஐம்பத்தைந்துக்கு என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. ஏழு நிமிடம். இந்தக் கணக்கைப் போட்டு என் முன்னால் வைத்தீர்கள், நான் முகம் மாறவில்லை என்று குறித்துக்கொண்டீர்கள். ஏனென்றால் அதை நான் முன்பே போட்டிருந்தேன். மஞ்சள் வரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே போட்டேன். எனக்குக் கணக்கு வேகமாக வரும்.

பிறகு சாப்பிடப் போனேன். கொஞ்சம் சீக்கிரம்தான். கேன்டீனில் ஆகட்டும் இருந்தார், தன் மகளுக்கு வரன் பார்ப்பதைப் பற்றிப் பேசினார். நான் நன்றாகக் கேட்டுக்கொண்டேன். திரும்பி வந்தபோது மூன்று வரியும் சாம்பல் நிறமாகியிருந்தன. பெட்டியோடு தொடர்பு இல்லை என்று அர்த்தம்.

ஏழு பேர். எல்லோரும் தையல் வகுப்பில் இருந்தவர்கள். ஒரு பெண்ணை நாலாவது மாடித் திருப்பத்தில் தையல் மெஷினோடு கண்டெடுத்ததாகச் சொன்னீர்கள். கரிந்த வாடை வந்திருக்கிறது, ஆனால் மணி அடிக்கவில்லையே, பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நினைத்து, நிதானமாக மெஷினைக் கழற்றித் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார். கடனோ என்னவோ, அவருக்கு அது முக்கியமாக இருந்திருக்கும். மணி அடித்திருந்தால் போட்டுவிட்டு ஓடியிருப்பார் என்கிறீர்கள். இருக்கலாம். சிலர் பொருளை விடமாட்டார்கள்.

மறுநாள் பேப்பரில் எங்கள் பெட்டியின் பெயர் வந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பென்சில் உங்களிடம் வந்திருக்க வேண்டும். நோட்டையும் கொண்டுவந்தாள் என்றார்கள். வேறெதுவும் சொல்லவில்லையாம், அந்தப் பெட்டி எத்தனை நாளாக அணைக்காமல் ஓடியது என்று மட்டும் பார்க்கச் சொன்னாளாம். நல்ல கேள்வி. என் பிரிவில் இருந்தவள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான். நேற்று உங்கள் அலுவலகத் தாழ்வாரத்தில் எதிரே வந்தாள். தலைமுடி வெட்டியிருந்தாள், பென்சிலைக் காணோம். நின்றாள்.

"ஆறாம் நம்பரை விட்டுப் பார்த்தீங்களா சார்?" என்று கேட்டாள்.

"அவசியப்படலைம்மா" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஏன் அழுதாள் என்று தெரியவில்லை.

ஆகவே, ஆம். கோளாறு என்னுடையது, எனக்குத் தெரியும், தெரிந்தே மறைத்தேன், அந்தச் செவ்வாய்க்கிழமை தெரிந்தே எழுந்து சாப்பிடப் போனேன். இதில் எந்த வார்த்தையையும் மாற்ற வேண்டாம். கையெழுத்துப் போடுகிறேன்.

அதற்கு முன்னால் என் தரப்பில் ஒன்று சேர்க்க வேண்டும். அன்று மாலை, செய்தி கேள்விப்பட்டதும், நான் வீட்டுக்குப் போய்விடவில்லை. மேசையில் உட்கார்ந்து, தூங்கிக்கொண்டிருந்த மற்ற நூற்று நாற்பத்தாறு கட்டிடங்களையும் ஒவ்வொன்றாக எழுப்பினேன். ஒவ்வொரு தடவையும் காரணம் என்ன என்று ஒரு கட்டம் கேட்டது. முதலில் கொஞ்சம் திகைத்தேன். பிறகு அதில் ஒரு முற்றுப்புள்ளி மட்டும் வைத்துப் பார்த்தேன். ஏற்றுக்கொண்டது. மொத்தம் இருபத்தைந்து நிமிடம்கூட ஆகவில்லை. இதுவரை ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அத்தனை கட்டிடத்தில் எத்தனை ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறேன், மேடம். நான் காப்பாற்றியவர்கள் என்று தனியாக ஒரு வரி போட்டுக்கொள்ளுங்கள்.